ஆர்டிசோக்கா, அவகாடோவா? மலைவீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். இரண்டும் பச்சை, இரண்டும் கடையில் விலை அதிகம். ஒற்றுமை அவ்வளவுதான். மலைச் சந்தைகளில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் அவகாடோ, இலவங்கப்பட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மரம். ஆர்டிசோக் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, இடுப்பளவு உயரும் முட்செடி. அதன் விரியாத பூமொட்டைத்தான் சாப்பிடுகிறோம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கன்றை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாகப் போவதால்தான் பாதிச் செடிகள் சாகின்றன. கீழே உள்ள வரிசையில் கன்று வாங்குவது ஐந்தாவதாகத்தான் வருகிறது.

1. முதலில் குளிரை அளந்து பாருங்கள்

ஆர்டிசோக் மொட்டு விடுவதற்குக் குளிர் வேண்டும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மொத்தம் ஏறத்தாழ 250 மணி நேரம் செடி நின்றால்தான் இலை விடுவதை நிறுத்திப் பூவுக்குத் திரும்பும். ஓர் இரவில் எட்டு மணி நேரம் அந்தக் குளிர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 30 இரவுகள். அது கிடைக்காத ஊரில் செடி நன்றாகத்தான் வளரும், வெள்ளி நிற இலைகள் பார்க்க அழகாகவும் இருக்கும். மொட்டு மட்டும் வராது.

அவகாடோவுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அதற்கு ஆகாதது உறைபனி. பெரிய மரம் ஓரளவு தாங்கும். இளங்கன்று ஒரே இரவில் கருகிவிடும்.

இதை வைத்துப் பார்த்தால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஏற்காடு, கொல்லிமலை போன்ற 1,000 முதல் 1,500 மீட்டர் உயர ஊர்களில் அவகாடோ போதும், ஆர்டிசோக் வேண்டாம். ஊட்டியில், அதுவும் பள்ளமான இடங்களில், ஆர்டிசோக் சரி. அவகாடோ கன்றைக் காப்பாற்றுவது பெரும்பாடு. குன்னூர், கோத்தகிரி உயரத்தில், சுமார் 1,800 மீட்டரில், இரண்டையும் முயலலாம். சமவெளிக்காரர்கள் ஆர்டிசோக்கை மறந்துவிடலாம். அவகாடோ அங்கே மரமாக வளரக்கூடும், ஆனால் வறண்ட வெயில் காற்றில் பூவும் பிஞ்சும் கொட்டும்.

உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த காற்று இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே தெருவில் மேல் வீட்டில் உறைபனி இல்லாமல் கீழ் வீட்டில் புல் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்யும் தெர்மாமீட்டர் ஒன்றை, செடி நிற்கப்போகும் இடத்திலேயே டிசம்பர், ஜனவரி முழுக்கத் தொங்கவிடுங்கள். வானிலை ஆப் காட்டும் எண் ஊருக்கானது, உங்கள் கொல்லைக்கானது அல்ல.

2. எவ்வளவு இடம், எத்தனை வருடம்

அவகாடோவுக்கு வீட்டுச் சுவர், செப்டிக் டேங்க், மின்கம்பி எல்லாவற்றிலிருந்தும் 6 மீட்டராவது தள்ளி இடம் வேண்டும். ஒட்டுக் கன்று மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். விதையிலிருந்து வந்தது ஐந்து முதல் எட்டு வருடம், சில சமயம் அதற்கும் மேலே இழுக்கும். காய்க்கத் தொடங்கினால் வீட்டுக்குத் தின்றது போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

ஆர்டிசோக் ஒரு செடிக்கு 1.2 மீட்டர் இடைவெளி போதும். ஜூலையில் விதைத்தால் அடுத்த மார்ச் வாக்கில் மொட்டு பார்க்கலாம். ஆனால் விளைச்சல் குறைவு. நல்ல செடியில் ஒரு பருவத்துக்கு ஆறு முதல் ஒன்பது மொட்டுகள் வரும், ஒவ்வொன்றிலும் வாய்க்குக் கிடைப்பது சிறு பகுதிதான். அத்தனை இடத்தில் கேரட்டோ பீன்ஸோ போட்டால் குடும்பத்துக்கே ஒரு மாதக் காய்.

அதனால் என் கருத்து இது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் அவகாடோ நட்டுவிட்டுக் காய்க்கும்முன் காலி செய்ய வேண்டாம், ஆர்டிசோக் நடுங்கள். ஆர்டிசோக்கைச் சாப்பிட்டே பார்க்காதவர்கள், முதலில் ஒன்றை வாங்கிச் சமைத்துப் பாருங்கள். லேசான கசப்பு இருக்கும். பிடிக்காத காய்க்காக ஒரு பாத்தியை ஏன் விட வேண்டும்?

3. குழி தோண்டி வடிகால் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

அவகாடோவின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே, ஒரு சாண் ஆழத்துக்குள், படர்ந்திருக்கும். தண்ணீர் தேங்கினால் அந்த வேர்கள் மூச்சுத் திணறும். அதோடு ஃபைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர் ஈரமண்ணில் நீந்திப் பரவி வேரை அழுக வைக்கும். மேலே இலை சிறுத்து, வெளிறி, வாடினாற்போல் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். செடி அதோடு முடிந்தது.

சோதனை சுலபம். நடப்போகும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். முதல் முறை காய்ந்த மண் உறிஞ்சிவிடும், அதை நம்ப முடியாது. மாலையில் மறுபடி நிரப்பி, மறுநாள் காலை பாருங்கள். குழி காலியாக இருந்தால் நல்லது. அடியில் கொஞ்சம் ஈரச்சேறு இருந்தால் மேடு கட்டி நடலாம். தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்தில் அவகாடோ வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் பிழை: பிப்ரவரி வறட்சியில் சோதித்துவிட்டுத் திருப்தியாக இருப்பது. அக்டோபர், நவம்பர் மழையில் மேல்சரிவிலிருந்து வரும் நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வழியில் இருந்தால், நடுவதற்கு முன்பே மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள்.

ஆர்டிசோக்கும் தேங்கும் நீரில், தண்டு மண்ணைத் தொடும் இடம் அழுகும் கழுத்தழுகலுக்கு ஆளாகும். ஆனால் அதன் வேர் ஆழமாக இறங்கும், கொஞ்சம் களிமண் கலந்த மண்ணையும் ஏற்கும். அரையடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினால் போதும்.

4. மண்ணின் புளிப்பைச் சரிசெய்யுங்கள்

தேயிலை நன்றாக வரும் மண் புளிப்பு மண். அவகாடோ மிதமான புளிப்பை ஏற்றுக்கொள்ளும், 5.5 முதல் 6.5 பி.ஹெச். வரை இருந்தால் நல்லது (பி.ஹெச். என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). ஆர்டிசோக்குக்கு 6.5 முதல் 7.5 வரை வேண்டும்.

எனவே பழைய தேயிலை நிலத்தில் ஆர்டிசோக் நடுவதானால், ஒரு மாதத்துக்கு முன்பே டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவிக் கொத்திக் கலக்குங்கள். அளவை மண் பரிசோதனை சொல்லட்டும். முன்கூட்டிப் போடுவதற்குக் காரணம், சுண்ணாம்பு மண்ணோடு வினைபுரிய ஈரமும் நாளும் தேவை. அவகாடோ குழிக்கும் அதே கையோடு அள்ளிப் போடாதீர்கள். சுண்ணாம்பு மிஞ்சினால் இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

வேலி விஷயம் இப்போதே. காட்டெருமை வந்து போகும் தெருவானால், கன்று வருவதற்கு முன் வேலி நிற்க வேண்டும்.

5. அவகாடோ: கன்று வாங்குவது

ஒட்டுக் கன்றையே வாங்குங்கள். விதைக் கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று உத்தரவாதம் இல்லை. எட்டு வருடம் காத்திருந்து நார் மிகுந்த, நீர்த்த பழம் வந்தால் வெறுத்துப் போகும்.

ஒட்டா, விதையா என்று தண்டைப் பார்த்தாலே தெரியும். மண்ணிலிருந்து ஒரு சாண் அளவில் ஒட்டுக் கட்டிய தழும்பும் லேசான வளைவும் இருக்கும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறம் மாறும். வெறும் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நாடாவை விலக்கிப் பாருங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.கே.டி. 1 நம் மலைகளுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம், மரமும் அளவாகப் படரும். ஹாஸ் என்ற ரகமும் பெயர் பெற்றது. கறுத்த, தடித்த தோல். புதியவர்களுக்கு நான் சொல்வது டி.கே.டி. 1.

விதையிலிருந்துதான் தொடங்குவேன் என்பவர்கள் பழம் தின்ற அந்த வாரத்திலேயே நடுங்கள். அவகாடோ விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். கூரான முனை மேலே, தட்டையான அடி கீழே. பிறகு பென்சில் தடிமன் வந்ததும் தெரிந்தவர்களைக் கொண்டு ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

6. அவகாடோ: நடவு

மழை பிடித்த பிறகு, ஜூன், ஜூலையில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் பகுதிகளில் அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும்.

தென்னைக்கு எடுப்பதுபோல் ஆழக்குழி எடுத்து அடியில் எருவைக் கொட்டுவது வழக்கமான தவறு. எரு மட்கி மண் உட்காரும்போது கன்றும் கீழே இறங்கும். தண்டைச் சுற்றிக் கிண்ணம்போல் பள்ளம் விழும், மழைநீர் அதில் தங்கும். மாறாக, இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் கொத்தி, எடுத்த மண்ணில் கால் பங்குக்கு மிகாமல் மட்கிய தொழு உரம் கலந்து, அதே இடத்தில் ஓரடிக்கு மேடாகக் கூட்டி, மேட்டின் உச்சியில் நடுங்கள்.

பையைப் பிய்த்து இழுக்க வேண்டாம். முதலில் அடிப்பக்கத்தை பிளேடால் வெட்டி எடுங்கள், கன்றைக் குழியில் வைத்த பிறகு பக்கத்தைக் கிழித்து உருவுங்கள். இந்த வேருக்குத் தூவிகள் மிகக் குறைவு, மண்ணுருண்டை உடைந்தால் மீண்டு வர நாளாகும். பையில் இருந்த மண்மட்டமே நட்ட பிறகும் மண்மட்டமாக இருக்கட்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். மேற்கு வெயிலுக்கு ஒரு கோணியோ ஓலையோ மறைப்பு. தண்டில் நீர்த்த சுண்ணாம்பு பூசுங்கள். மலை வெயில் பட்டையைச் சுட்டுவிடும்.

7. அவகாடோ: முதல் மூன்று வருடம்

மூடாக்கு இடுங்கள், கொத்தாதீர்கள். சில்வர் ஓக் இலை, கவாத்து செய்த தேயிலைக் குச்சி, காய்ந்த புல் என எது கிடைத்தாலும் நான்கைந்து விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கி வையுங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும். மரத்தடியில் மண்வெட்டி போட்டால் வெட்டுவது களையை அல்ல, மேலேயே கிடக்கும் வேரை. களையைக் கையால் பிடுங்குங்கள்.

கோடையில் வாரம் இரு முறை, அளவாக. வேர் மேலோட்டமானது என்பதால் ஒரே நாளில் பத்து குடம் ஊற்றுவதில் பயனில்லை. இலை நுனி காய்ந்து பழுப்பேறினால் தண்ணீரில் உப்பு இருக்கலாம். அவகாடோ உப்பைத் தாங்காது. போர்வெல் நீர் உப்பாக இருந்தால் மழைநீரைச் சேமித்துக் கொடுங்கள்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ளி எறியுங்கள். அது விதைச்செடியின் கிளை, விட்டால் மேலே உள்ள ரகத்தை அமுக்கிவிடும். மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். இப்போது கிள்ளாவிட்டால் பின்னாளில் நாற்பதடி உயரத்தில் குரங்குகளுக்கு மட்டும் எட்டும்படி காய்க்கும்.

வெட்டிய இலையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். அவகாடோ இலையில் உள்ள பெர்சின் கால்நடைகளுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் நஞ்சு. பால் கொடுக்கும் ஆட்டின் மடியைப் பாதிக்கும்.

8. அவகாடோ: பூக்கிறது, காய்க்கவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒவ்வொரு பூவும் இரண்டு முறை திறக்கும். முதல் திறப்பில் பெண்ணாக, மூடி மறுநாள் திறக்கும்போது ஆணாக. ஏ வகை மரங்களில் பெண் திறப்பு காலையிலும் ஆண் திறப்பு மறுநாள் மதியத்துக்கு மேலும் நடக்கும். பி வகையில் பெண் திறப்பு பிற்பகல், ஆண் திறப்பு மறுநாள் காலை. ஹாஸ் ஏ வகை, ஃபுவேர்ட்டே என்ற ரகம் பி வகை. இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு உரிய நேரத்தில் கிடைக்கும்.

உங்கள் மரம் எது என்று தெரியாவிட்டால், வெயில் உள்ள ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பூவைப் பாருங்கள். நடுவில் சூலகமுடி தனியாக நின்று, மகரந்தத்தாள்கள் வெளிப்பக்கம் மடிந்து கிடந்தால் ஏ வகை. தாள்கள் நிமிர்ந்து மகரந்தம் தெரிந்தால் பி வகை. மேகமூட்டக் குளிரில் இந்த நேரக்கணக்கு குழம்பும், அதனால் இரண்டு மூன்று நாள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அக்கம்பக்கத்தில் பழைய மரங்கள் இருந்தால் ஒற்றை மரமே காய்த்துவிடும். தேனீ வேண்டும், பூக்கும் காலத்தில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். இன்னொன்று, பூக்கும் பூவில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் காயாக நிற்காது. தரை முழுக்கப் பூ கொட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

9. அவகாடோ: பறிப்பது

மரத்தில் பழுக்கும் என்று காத்திருக்காதீர்கள். இது பறித்த பிறகுதான் பழுக்கும். முற்றியதா என்று பார்க்க ஒரே ஒரு காயைப் பறித்து வீட்டில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் சுருங்காமல் மெத்தென்று பழுத்து, உள்ளே விதையின் தோல் பழுப்பாக இருந்தால் மற்றவையும் தயார். ரப்பர் போல் இருந்து சுருங்கினால் இன்னும் சில வாரம் பொறுங்கள். பறிக்கும்போது சிறு காம்போடு வெட்டுங்கள்; காம்பு பிய்ந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். பழுக்கும் முன் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.

10. ஆர்டிசோக்: விதையிலிருந்து நாற்று

விதைக்கடையில் ஜெருசலேம் ஆர்டிசோக் என்று கிழங்கைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது வேறு செடி. உங்களுக்கு வேண்டியது கிரீன் குளோப் அல்லது இம்பீரியல் ஸ்டார் ரக விதை. குளிர் கொஞ்சம் குறைவான குன்னூர் போன்ற இடத்துக்கு இம்பீரியல் ஸ்டார் பொருத்தம். விதைத்த முதல் வருடத்திலேயே மொட்டு விடுவதற்காக உருவாக்கப்பட்டது.

ஜூன் கடைசி, ஜூலையில் விதையுங்கள். காரணம், டிசம்பர் குளிர் வரும்போது செடி நன்கு இலை கட்டி நிற்க வேண்டும். நவம்பரில் விதைத்தால் குளிர்காலம் நாற்றுத் தட்டிலேயே கழிந்துவிடும்.

பெரிய குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்து, இரவில் வீட்டுக்குள் வையுங்கள். முளைக்க 20 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், இரண்டு வாரம் ஆகலாம். விதை நாற்றுகள் ஒன்றுபோல் இருக்காது. இலை ஒடுங்கி முள் அதிகமாக வருபவற்றை மனம் தளராமல் கழித்துவிடுங்கள். நான்கைந்து இலை வந்ததும் நடவு.

11. ஆர்டிசோக்: பாத்தி, தண்ணீர், பூச்சி

ஒரு செடிக்கு ஐந்து கிலோவாவது மட்கிய தொழு உரம். இது பெருந்தீனிச் செடி, முக்கியமாகத் தழைச்சத்து கேட்கும். குருத்துப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும், புதைந்தால் அழுகும்.

மொட்டு வரும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் நம் மலைகளில் மழை குறைவு. சரியாக அப்போதுதான் இதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். காயவிட்டால் மொட்டு நெகிழ்ந்து, செதில் நுனி கறுக்கும். நுனி கறுத்ததைச் சாப்பிடலாம், நெகிழ்ந்ததில் சுவை இருக்காது.

அசுவினி மொட்டின் செதிலுக்குள் புகுந்துகொண்டால் வெளியேற்றுவது கஷ்டம். எறும்பு ஏறும்போதே கவனித்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, அப்புறம் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். நத்தைக்கு இரவில் டார்ச் எடுத்துப் பொறுக்குவதே சிறந்த மருந்து.

12. ஆர்டிசோக்: மொட்டைப் பறிப்பதும் அதன் பிறகும்

உச்சி மொட்டு முதலில் வரும், அதுவே பெரியது. கைமுட்டி அளவு வந்து, செதில்கள் இறுக மூடியிருக்கும்போதே மூன்று விரல் நீளத் தண்டோடு வெட்டுங்கள். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டால் செதில் விரிந்து நார் ஏறிவிடும். அதை வெட்டினால் பக்க மொட்டுகள் பருக்கும்.

சமைக்க: மேல் மூன்றிலொரு பங்கை வெட்டி, முள்நுனி நறுக்கி, வெட்டிய இடத்தில் எலுமிச்சை தேய்த்து, அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆவியில் வேக வையுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், கறுத்துவிடும். செதிலின் அடிச் சதையைப் பல்லால் சுரண்டித் தின்று, நடுவே உள்ள பஞ்சு போன்ற மயிரை நீக்கிவிட்டு அடிப்பகுதியைச் சாப்பிடலாம்.

பருவம் முடிந்ததும் காய்த்த தண்டுகளைத் தரையோடு வெட்டுங்கள். மழையில் அடியிலிருந்து பக்கக்கன்றுகள் வரும். இரண்டு மூன்றை விட்டு, மற்றவற்றை ஒரு சாண் உயரத்தில் வேரோடு பிரித்து வேறு பாத்தியில் நடுங்கள். இவை தாய்ச்செடியைப் போலவே இருக்கும், எனவே நல்ல செடியிலிருந்து மட்டும் எடுங்கள்.

13. இரண்டையும் வைப்பதானால்

அவகாடோ வடக்குப் பக்கம், ஆர்டிசோக் தெற்குப் பக்கம். குளிர்கால வெயில் தெற்கிலிருந்து சாய்வாக வரும். மரம் தெற்கே இருந்தால் நிழல் பாத்தியில் விழும். சரிவு நிலமானால் மரம் மேல் அடுக்கில், பாத்தி கீழ் அடுக்கில். பாத்திக்குப் பாய்ச்சும் நீரும் டோலமைட்டும் மரத்தின் வேருக்கு வரக் கூடாது.

இளமரத்தைச் சுற்றி வெறும் இடம் கிடக்கிறதே என்று அதற்குள் ஆர்டிசோக் நட ஆசை வரும். வேண்டாம். பக்கக்கன்று பிரிக்க ஒவ்வொரு மழைக்கும் அங்கே மண்வெட்டி இறங்கும். மூன்று மீட்டராவது விலக்கி வையுங்கள். ஆர்டிசோக் தூரை நான்கைந்து வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது மரத்தின் கிளை எங்கே வந்திருக்கிறது என்று பார்த்து, புதிய பாத்தியை இன்னும் தெற்கே தள்ளிப் போடுங்கள்.